அறிவிப்பில் இல்லாத சனிக்கிழமைகள்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

நான் கோலாலம்பூரில் ஒரு லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். இருபது ஆண்டுகளாகப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்னும் தாழ்ந்த பெண்குரலில் பாடிவருகிறேன். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வருடக் கடைசி வரையிலான நிகழ்ச்சிகளை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். சீர்திருத்த ஞாயிறன்று தமிழ்ச் சபையாரும் ஆங்கிலச் சபையாரும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆராதனை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகள், ‘பாடல் மாலை’ என்று ஒரு மாலைநேரப் பாட்டு நிகழ்ச்சி, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் பவனி ஆறு இரவுகள், போர்ட் டிக்சனில் வாலிபர் முகாம், மாதம் ஒருமுறை நகரத்தில் வீடற்றவர்களுக்கு உணவு வழங்குதல் என்று தாள் நிறைந்திருக்கிறது. அடியில் ‘தொண்டர்கள் தேவை’ என்று ஒரு வரி. பெயர் எழுதும் தாளில் எப்போதும் வரும் எட்டுப் பேரின் பெயர்கள்தான் இருக்கின்றன.

என் மகனுக்குப் பதினாறு வயது. கீபோர்டு நன்றாக வாசிப்பான். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பாடல் மாலையில் கீர்த்தனைகளைக் குறைத்துக்கொண்டு ஆங்கிலத் துதிப்பாடல்களைப் பாடலாம் என்பது வாலிபர்களின் விருப்பம். கீபோர்டும் டிரம்ஸும் வந்தால் ஆராதனையின் மரியாதை போய்விடும் என்பது பெரியவர்களின் கவலை. நான் நடுவில் நிற்கிறேன். சிறுவயதில் சபைப் பாடகர் குழுவிலிருந்து விலகியதாக நீங்கள் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்த இழுபறிக்கும் நிரம்பாத அந்தப் பெயர்த் தாளுக்கும் என்ன செய்யலாம் என்று உங்களிடம் கேட்கத் தோன்றியது. முடிந்தால் பாடல் மாலைக்கும் வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோலாலம்பூர்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அறிவிப்புத் தாளை இரண்டு முறை படித்தேன். தேதி, நேரம், இடம், முகாமுக்குக் கட்டவேண்டிய ரிங்கிட், வண்டியை எங்கே நிறுத்துவது என்பது வரை எல்லாம் இருக்கிறது. பாடல் பயிற்சி எந்த நாளில், எத்தனை முறை, யாருடைய பொறுப்பில் என்பது மட்டும் இல்லை. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் சொல்லக்கூடிய பதில் அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் விலகிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது பெரிய கதையும் அல்ல. பதினைந்து வயதில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் சேர்ந்தேன். குரல் உடைந்துகொண்டிருந்த வயது. குழுத் தலைவர் என்னை டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரல் வரிசையின் ஓரத்தில் நிறுத்தி, பக்கத்தில் நின்ற பெரியவருக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கண்பார்வை குறைந்த அந்தப் பெரியவருக்கு ஏற்றபடி புத்தகத்தைச் சற்று உயர்த்தி, அவர் தலையசைக்கும்போது பக்கத்தைத் திருப்ப வேண்டும். பாடலாமா என்று கேட்டபோது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வருடம் இரண்டு முறை வந்து போனது. பயிற்சிக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை, புத்தகம் பிடிக்கிறவனுக்குப் பயிற்சி எதற்கு? பதினேழாம் வயதில் ஒரு ஞாயிறு போகாமல் இருந்து பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. மறு ஞாயிறும் போகவில்லை. கீர்த்தனை பிடிக்காமலோ ஆங்கிலப் பாட்டின் மேல் ஆசைப்பட்டோ நான் போய்விடவில்லை. இதை உங்கள் பெரியவர்களும் வாலிபர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும்போது வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இளையவர்களும் பாட்டும் என்ற பேச்சு லுத்தரன் சபைகளுக்குப் புதியதன்று. 1524இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் யோகான் வால்ட்டர் பல குரல்களுக்கு அமைத்த பாட்டுப் புத்தகம் வந்தபோது, இந்தச் சபைகளுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் அதற்கு ஒரு முன்னுரை எழுதினார். இளைஞர்களுக்கு இசையிலும் பிற நற்கலைகளிலும் பயிற்சி வேண்டும், காதல் பாட்டுகளுக்குப் பதிலாகப் பாடுவதற்கு அவர்கள் கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும், அதற்காகவே இந்தப் பாட்டுகள் பல குரல்களில் அமைக்கப்பட்டன என்பது அந்த முன்னுரையின் சாரம். அதாவது, இந்த மரபின் மிகப் பழைய பாட்டுப் புத்தகங்களுள் ஒன்றே வாலிபர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அவர்கள் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் எதிர்பார்ப்பு. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்காக அது அச்சிடப்படவில்லை.

அந்தப் பாட்டு தமிழுக்கு வந்த வழியையும் உங்கள் இரு தரப்பாரும் மறந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனைச் சேர்ந்த பெப்ரீஷியஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டிலேயே பாடும்படி தமிழில் ஆக்கினார். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ராகமும் தாளமும் வைத்துக் கீர்த்தனைகள் பாடினார். இரண்டும் இன்று நம் பெரியவர்களுக்குப் பழமையாகத் தெரிகின்றன. ஆனால் ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்த மெட்டு, மற்றொன்று கச்சேரியிலும் கூத்திலும் கேட்ட இசையை ஆலயத்துக்குள் கொண்டுவந்த துணிவு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் ஆலயத்தைப் போன்ற சபைகள் இரண்டையும் தரங்கம்பாடி மரபின் சொத்தாகவே பெற்றுக்கொண்டன. ஆகவே கீபோர்டு வந்தால் மரியாதை போய்விடும் என்கிறவர்கள், ஆலயத்தில் இருக்கும் ஆர்கனும் ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கியதுதான் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கீர்த்தனையைக் குறைக்கலாம் என்கிற வாலிபர்களுக்கு என் பதில் வேறு. நீங்கள் அதை இன்னும் வாசித்துப் பார்க்கவில்லையே, தம்பி.

வாசித்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை நான் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் சபையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கீபோர்டில் இருந்த பையன், எந்தப் பாட்டு வந்தாலும் செய்கிறபடி, முதலில் ரிதம் பொத்தானை அழுத்தினான். இயந்திரம் நாலு நாலாகத் தட்டத் தொடங்கியது. பாட்டோ சாபு தாளம், மூன்றும் நாலுமாக ஏழு. இரண்டாவது வரியிலேயே குழு ஒரு பக்கம், இயந்திரம் ஒரு பக்கம். வேகம் தவறு என்று நினைத்து அவன் குறைத்துப் பார்த்தான், கூட்டிப் பார்த்தான். உயர்ந்த பெண்குரலான சொப்ரானோ வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகத்தோடு தாளத்தின் பெயரும் அச்சிட்டிருப்பதை விரலால் காட்டினார். பிறகு ஒன்றும் பேசாமல் தம் தொடையில் தட்டிக் காட்டினார்: தகிட, தகதிமி, தகிட, தகதிமி. பையன் ரிதம் பொத்தானை அணைத்தான். இடது கையால் மூன்றையும் நாலையும் மட்டும் அழுத்திக்கொண்டு அவர் கையைப் பார்த்தபடியே வாசித்தான். கால் மணி நேரத்தில் பாட்டு தாளத்தில் நிலைத்து நின்றது. ‘ஆன்ட்டி, இது மாதிரி வேற பாட்டு இருக்கா?’ என்று அவன் கேட்டதை அந்த அம்மாள் வீட்டுக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இது நடந்தது ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் ஆராதனையில் பாட்டைக் கேட்டவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

உங்கள் மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது உண்மையான தடைதான். பாட்டை ரோமன் எழுத்தில் எழுதிப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிவிடுவது இப்போது எல்லாச் சபைகளிலும் நடக்கிறது. அவசரத்துக்கு அது உதவும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம் ஊர் வழக்கப்படி எழுதும்போது ழகரமும் லகரமும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. யோவான் பதினான்காம் அதிகாரத்தில் இயேசு ‘நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்’ என்று சொல்கிற இடத்தை ஒரு பிள்ளை ‘நானே வலியும்’ என்று கணீரென வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன். முன்வரிசையில் முதுகுவலிக்காரர் ஒருவர் ஆமென் என்றார். ஆகையால் ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் கால் மணி நேரத்தை அன்றைய பாட்டின் ஒரே ஒரு சரணத்தைத் தமிழ் எழுத்தில் படிப்பதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். பதினாறு வயதுப் பையனுக்குப் பன்னிரண்டு சனிக்கிழமைகள் தாராளம்.

இனி உங்கள் தாளில் உள்ள நிகழ்ச்சிகள். சீர்திருத்த ஞாயிறின் கூட்டு ஆராதனையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. லுத்தரின் சீர்திருத்தம் தொடங்கிய 1517 அக்டோபர் 31ஐ நினைவுகூரும் அந்த நாளில் பீடத்தில் சிவப்பு விரிப்பும், 46ஆம் சங்கீதத்தைத் தழுவி லுத்தர் எழுதிய பாட்டும் எப்படியும் இருக்கும். ஒரே மெட்டு என்பதால் ஒரு சரணத்தைத் தமிழிலும் அடுத்ததை ஆங்கிலத்திலும் பாடலாம், சண்டைக்கு இடமே இல்லை. யார் எந்தச் சரணம் என்பதை மட்டும் இரு குழுக்களும் ஒன்றாக நின்று ஒரு முறையாவது பாடிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

திருவருகைக் காலத்தை வாலிபர்களிடம் முழுவதுமாகக் கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. நவம்பர் 30ஐ ஒட்டிய ஞாயிறன்று திருச்சபையின் ஆண்டே புதிதாகத் தொடங்குகிறது. வாரம் ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றும் அந்த வளையம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திய யோகான் விக்கெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர், கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதற்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டுவைத்தார். பிள்ளைகளுக்காகச் செய்த பொருளை இன்று பல சபைகளில் மூப்பர்கள் ஏற்றுகிறார்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வளையம் கட்டுவது, வேதபாடம் வாசிப்பது, அந்த வாரத்துக் கீர்த்தனையைத் தொடங்குவது ஆகிய மூன்றையும் நான்கு ஞாயிறுகளுக்கும் இளையவர்களின் பெயரில் எழுதுங்கள். தவறு வரும். இரண்டாம் ஞாயிறன்று அது குறையும்.

ஆறு இரவுக் கேரல் பவனி அதிகம் என்பது என் கருத்து. நவம்பர், டிசம்பரில் நம் ஊர் மழை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பாதி வீடுகள் காவலாளி உள்ள அடுக்குமாடிகளில் இருக்கின்றன. இருபது பேர் கிட்டாரோடு போய் வாசலில் நின்று, ஒவ்வொருவராக அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு முடிப்பதற்குள் முதல் வீட்டின் தேநீர் ஆறிவிடும். முன்கூட்டியே நிர்வாகத்திடம் போய்ப் பேசிவைப்பதற்கு ஒருவர் வேண்டும். அண்டை வீட்டார் வேறு மதத்தவராகவும் மறுநாள் அதிகாலையில் எழவேண்டியவர்களாகவும் இருப்பார்கள் என்பதால் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். மூன்று இரவுகள் போதும். மிச்சமான மூன்று இரவுகளைத் தாளில் காலியாகவே விட்டுவிட்டால் எட்டுப் பேருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அந்த எட்டுப் பேரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ‘தொண்டர்கள் தேவை’ என்ற வரிக்கு யாரும் பதில் சொல்லாததற்குச் சோம்பல் காரணமில்லை. எதற்கு, எத்தனை மணி நேரம், யாரோடு என்று அதில் இல்லை. ‘மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மதியம் இரண்டு முதல் நாலு வரை, மீகூன் (அரிசிச் சேமியா) பொட்டலம் கட்ட ஐந்து பேர்’ என்று எழுதிப் பாருங்கள், எழுதத் தயங்கிய கை எழுதும். உணவு வழங்கும் பணியில் சமைப்பவரையும் வண்டி ஓட்டுபவரையும் எல்லாரும் நினைக்கிறார்கள், முடிந்தபின் அந்த நடைபாதையிலிருந்து காகிதத்தையும் குவளையையும் பொறுக்கி எடுத்து வருபவரை யாரும் நினைப்பதில்லை. மறுமாதமும் அதே இடத்தில் நிற்க முடிவது அவரால்தான்.

தாளில் இல்லாத தொண்டு ஒன்றும் உண்டு. மாடிப்படி இறங்கி எல்.ஆர்.டி. ரயில் ஏற முடியாத முதியவர்கள் உங்கள் சபையில் எத்தனை பேர் என்று ஆயருக்குத் தெரிந்திருக்கும். அவர்களை ஞாயிறு காலை வீட்டிலிருந்து அழைத்து வந்து திருவிருந்துக்குப் பின் கொண்டுபோய்விட நான்கு கார்கள் போதும். ஓட்டுநர் உரிமம் புதிதாக எடுத்த வாலிபர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. அந்த முதியவர்களுக்குத்தான் உங்கள் மகன் கற்க வேண்டிய கீர்த்தனைகள் புத்தகம் இல்லாமலே தெரியும். முகாமைப் பற்றி ஒரே வார்த்தை: போர்ட் டிக்சன் கடற்கரைக்கு அவர்களில் இரண்டு பேரையாவது கூட்டிப்போங்கள்.

பாடல் மாலையில் எத்தனை கீர்த்தனை, எத்தனை ஆங்கிலப் பாட்டு என்ற கணக்கை இப்போது போடாதீர்கள். தாளின் அடுத்த அச்சில், எல்லா நிகழ்ச்சிகளுக்கும் மேலே, ‘ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி, பெரியவர்களும் வாலிபர்களும் ஒரே அறையில்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான்கு சனிக்கிழமை கழிந்தபின், எந்தப் பாட்டுகள் நிலைத்து நின்றனவோ அவற்றைப் பாடுங்கள்.

அழைப்புக்கு நன்றி. பாடல் மாலைக்கு முந்தைய சனிக்கிழமைப் பயிற்சிக்கு நான் வரலாமா என்று உங்கள் குழுத் தலைவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். டெனர் வரிசையின் ஓரத்தில் நின்றுகொள்கிறேன். புத்தகம் பிடித்த பழக்கம் இருக்கிறது, பாடவும் விட்டால் நல்லது.