டிசபிலிட்டி கிராண்ட்: சாசா ஆபீசுக்குப் போகும் முன்

டிசபிலிட்டி கிராண்ட் என்பது உடல்நலக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாதவர்களுக்குத் தென்னாப்பிரிக்க அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை. அதைக் கொடுக்கும் அரசு நிறுவனம்தான் சாசா. டர்பன் பக்கத்திலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பல வருடங்களாக மனு எழுத உதவிவரும் நம் அக்கா பதில் சொல்கிறார்.

சாட்ஸ்வொர்த்: அம்மாவுக்கு 54 வயது, கார்மென்ட் ஃபேக்டரியில் மெஷினிஸ்ட். சுகரால் இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். கிராண்ட் கிடைக்குமா அக்கா?

வயது சரி. 18 முதல் 59 வரை மனு போடலாம். ஆனால் சுகர் இருக்கிறது, விரல் போய்விட்டது என்பதற்காக மட்டும் யாரும் கிராண்ட் தருவதில்லை தம்பி. அந்த நோயால் சம்பாதிக்க முடியாமல் போய்விட்டதா என்றுதான் பார்ப்பார்கள். நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். டாக்டர் முன்னால் உட்கார்ந்து "பரவாயில்லை டாக்டர், சமாளிக்கிறேன்" என்பார்கள். என்ன கஷ்டம் வந்தாலும் அப்படிச் சொல்லித்தானே நமக்குப் பழக்கம்! டாக்டரும் அதையே எழுதிவிடுவார்.

அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். பாதம் மரத்துப்போய்விட்டதா? தையல் மெஷின் பெடலை மிதிக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரிகிறதா? துணி எகிறி ஊசி விரலில் ஏறியிருக்கிறதா? எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கால் வீங்குகிறது? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். ஆர்.கே.கான் ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள் என்றால் ஆபரேஷன் பேப்பர், கிளினிக் அட்டை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மருத்துவ அறிக்கை மனு போடும் நாளில் 3 மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது.

டோங்காட்: என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறார். அதனால் எனக்குக் கிடைக்காதா?

அவர் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். சம்பளம் வருகிறது என்றதுமே மறுத்துவிட மாட்டார்கள் அம்மா. வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வரம்பு மாறிக்கொண்டே இருக்கும், ஆபீசில் கேளுங்கள். நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டைச் சொத்தாகச் சேர்ப்பதில்லை. வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் மறைக்காதீர்கள். கல்யாண சர்டிபிகேட், இருவருடைய ஐடி, சம்பளச் சீட்டு, 3 மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும்.

ஃபீனிக்ஸ்: ஆபீஸ் வாசலில் ஒருவர் 500 ரான்ட் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். மனு போட ஒரு செண்ட்கூடக் கிடையாது. அஃபிடவிட் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) கேட்டால் அதுவும் போலீஸ் ஸ்டேஷனில் இலவசம்தான்.

வெருலம்: அப்பா படுத்த படுக்கை. அவருக்குப் பதிலாக நான் போகலாமா?

போகலாம். அவர் வர முடியாது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிப் போய், வீட்டுக்கு வந்து மனு எடுக்கும்படியும் கேட்கலாம். ஃபாரத்தை மட்டும் வீட்டிலேயே நிரப்பிவிடாதீர்கள், ஆபீசர் முன்னால்தான் நிரப்ப வேண்டும்.

அப்புறம், நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. கிராண்ட் வாங்குகிறவரை முழு நேரமும் ஒருவர் கவனிக்க வேண்டிய நிலை என்றால், அதற்கு மேல் கிராண்ட்-இன்-எய்ட் கேட்கலாம். 2025-இல் அது மாதம் 560 ரான்ட். அப்போது டிசபிலிட்டி கிராண்டே 2,300-ஐக் கொஞ்சம் தாண்டிய தொகைதான். அதோடு பார்த்தால் இதை விடலாமா? அதற்குத் தனி மனு போட வேண்டும்.

ஸ்டாங்கர்: ஆறு மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றுபோச்சு. யாரும் சொல்லவே இல்லை!

உங்களுக்குக் கொடுத்தது தற்காலிக கிராண்ட். அது 6 முதல் 12 மாதம் வரைதான். முடிந்ததும் தானாக நீளாது, புது மருத்துவ அறிக்கையோடு மறுபடி மனு போட வேண்டும். கடிதத்தில் முடியும் தேதி இருக்கும், காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகும் என்பதால் முன்கூட்டியே ஓட வேண்டும்.

மெர்பேங்க்: எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாயால்தான் சொன்னார்கள்.

வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. தெரிவித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அப்பீல் போடலாம். அதை விசாரிப்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அல்ல, தனித் தீர்ப்பாயம். கோபத்தில் புது மனு போட்டுவிட்டு அப்பீலை விட்டுவிடாதீர்கள். புது மனு போட்டால் பணமும் புதுத் தேதியிலிருந்துதான் கணக்கு.

இதனால்தான் தேதியும் ஆபீசர் பெயரும் உள்ள ரசீதை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள் என்கிறேன். முடிவு வர 3 மாதம்கூட ஆகலாம். கிடைத்தால் மனு போட்ட நாளிலிருந்து சேர்த்துத் தருவார்கள். அந்த நாளுக்கு ரசீதுதான் சாட்சி.

ஐசிப்பிங்கோ: மகனுக்குச் சிறு வயதிலிருந்தே கேர் டிபெண்டன்சி கிராண்ட் (கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானது) வருகிறது. அடுத்த வருடம் 18 ஆகிறது.

18-இல் அது நின்றுவிடும். டிசபிலிட்டி கிராண்டுக்கு அவன் பெயரில் மனு போட வேண்டும். ஐடி இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போதே ஹோம் அஃபேர்ஸ் போய் வாருங்கள். அவனால் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது என்றால் அவன் சார்பில் யார் வாங்குவது என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள்.

லெனேசியா: வேலை விசாவில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். விபத்தில் கை போனது.

வேலை விசாவுக்கு இந்த கிராண்ட் இல்லை தம்பி. குடிமக்கள், நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர்கள், அகதி அந்தஸ்து உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான். ஆனால் விபத்து வேலை நேரத்தில் நடந்திருந்தால் தொழிலாளர் நஷ்டஈட்டு நிதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. உங்கள் முதலாளி அதைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தாரா என்று முதலில் கேளுங்கள்.

மறுபடி சாட்ஸ்வொர்த்: அம்மாவுக்கு 60 ஆனால் என்ன ஆகும்?

முதியோர் கிராண்டாகத் தானாகவே மாறிவிடும். தொகை அதேதான்.