உரிமம் வேண்டாம் என்றால் தடுப்புச் சுவரும் வேண்டாமா?

கேள்வி: பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டருக்காக, 990 லிட்டர் டீசல் டேங்க் மூன்றை மழைநீர்க் கால்வாயை ஒட்டிய மதிலோரம் தரைக்கு மேலே வைக்கவிருக்கிறோம். ஒவ்வொன்றும் 1,000 லிட்டருக்குள் இருப்பதால் உரிமமும் வேண்டாம், சுற்றிச் சுவரும் வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். மூன்றில் ஒன்று பழையது, பாதி விலைக்குத் தருகிறார். அவர் சொல்வதை நம்பலாமா? – சங்கச் செயலாளர்

பதில்: நம்ப வேண்டாம். அவர் சொல்வது பொய்யல்ல, பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள்.

1934 ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி டீசல் 'பி' வகுப்பில் வருகிறது. உரிமம் இல்லாமல் அதை வைத்துக்கொள்ள 7 ஆம் பிரிவு இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே விதிக்கிறது: ஓரிடத்தில் உங்கள் வசம் இருக்கும் மொத்த டீசல் 2,500 லிட்டரைத் தாண்டக் கூடாது, அதில் எந்தப் பகுதியும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள கலனில் இருக்கக் கூடாது. இரண்டாவதை மட்டும் சொல்லி டேங்க் விற்பது இந்தத் தொழிலில் பழகிப்போன தந்திரம். உங்கள் மூன்று டேங்க்குகளும் நிரம்பினால் 2,970 லிட்டர். முழுக்க நிரப்ப மாட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். மொத்த அளவைப் பொறுத்தவரை அந்த வாதம் செல்லும், ஆனால் நீண்ட மின்வெட்டுக்கு முந்தைய நாள் டீசல் வண்டி வந்து நிற்கும்போது உங்கள் காவலாளி அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கலனின் கொள்ளளவுக்கோ அந்த வாதம் கொஞ்சமும் செல்லாது. 1,500 லிட்டர் டேங்க்கில் 200 லிட்டர் மட்டுமே இருந்தாலும் அது விலக்குக்கு வெளியே போய்விடுகிறது. ஜெனரேட்டரோடு இணைந்து வரும் எரிபொருள் டேங்க்குக்கு 9 ஆம் பிரிவு தனி விலக்குத் தருகிறது. அதைக் காட்டி, பத்தடி தள்ளி வைத்துக் குழாய் போட்ட டேங்க்கையும் 'இணைந்தது' என்று எழுதித் தரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்றாவது டேங்க்கை வாங்காதீர்கள். இரண்டுக்கு 1,980 லிட்டர்தான் ஆகிறது. கூடவே டிரம்கள் வைத்திருந்தால் அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனிச் சுவர். 2,500 லிட்டருக்குள் இருப்பவரிடம் தடுப்புச் சுவர் எங்கே என்று எந்த அதிகாரியும் வந்து கேட்பதில்லை. 2,501 ஆவது லிட்டரில்தான் நம் நிர்வாகத்துக்குக் கண் திறக்கிறது. டீசலுக்கு அந்த வரம்பு தெரியாது. உங்கள் மதிலோரக் கால்வாயில் இறங்கிய டீசல் ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ச் சேரும், அப்போது 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு சங்கத்தின் கதவைத் தட்டும். டேங்க் சிறியது என்ற பதில் அங்கே எடுபடாது. ஆகவே டேங்க்கைக் கால்வாயிலிருந்து தள்ளி, கான்கிரீட் தளத்தின்மேல், கூரைக்கடியில் வையுங்கள். பெரிய டேங்க் ஒன்று முழுதாக உடைந்தாலும் வெளியே வழியாத அளவுக்குச் சுற்றிலும் சுவர் எழுப்பி, உட்புறம் பூசுங்கள். பூசாத செங்கல் டீசலைக் குடித்துவிடும். உள்ளே சேரும் மழைநீரை வெளியேற்றும் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்த பிறகே அதைத் திறக்க வேண்டும். கட்டிய சுவரை வீணாக்குவது பெரும்பாலும் திறந்தே கிடக்கும் இந்த வால்வுதான். நிரப்பும்போது ஒருவர் பக்கத்தில் நிற்பதும், விளிம்புவரை நிரப்பாமல் இருப்பதும் தனியாகச் சொல்ல வேண்டியவை அல்ல.

அந்தப் பழைய டேங்க்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1988 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஃப்ளோரெஃப் என்ற ஊரில், வேறோர் இடத்தில் பிரித்தெடுத்த ஏறத்தாழ 40 ஆண்டுப் பழைய எஃகுத் தகடுகளால் மறுபடி கட்டப்பட்ட பெரிய டீசல் டேங்க் பிளந்துகொண்டது. டீசல் சுற்றுச் சுவரையும் தாண்டி மொனாங்கஹேலா ஆற்றில் கலந்து, கீழே இருந்த ஊர்களின் குடிநீரைக் கெடுத்தது. அந்த டேங்க்கை முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவில்லை. உங்கள் ஏஜென்ட்டிடம் உள்ள பழைய டேங்க்கில் முன்பு என்ன இருந்தது, எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. புதிய டேங்க் இரண்டையும்கூட அவரையே வைத்துத் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்து, கொள்ளளவையும் சோதனைத் தேதியையும் பில்லில் எழுதி வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.