சிம்சன் பே லகூனில் படகுவாசம்: புதிதாக வரும் தம்பிக்கு

கரீபியன் தீவான சின்ட் மார்ட்டினில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டு வாடகையைக் கேட்டால் மயக்கம் வருகிறது, பழைய பாய்மரப் படகு ஒன்றை மலிவாக வாங்கி அதிலேயே தங்கிவிடலாமா, விசா, வங்கி, சமையல் சாமான் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, 2011இல் டீசல் மெக்கானிக்காக வந்திறங்கியபோது நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். விசாவை வேலை கொடுப்பவர் பார்த்துக்கொள்வார். அரிசி, பருப்பு கிடைக்கும். புளி இங்கே மரத்திலேயே காய்க்கிறது. பெருங்காயம் மட்டும் கொண்டு வாருங்கள். படகு விஷயம்தான் பேச வேண்டியது.

நான் வாங்கியது 34 அடிப் படகு. தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் என்ன புதிதா என்ற திமிர் வேறு. கரையில் நின்று தோணியை வேடிக்கை பார்த்தவனுக்கு அடித்தட்டுப் பம்ப் நள்ளிரவில் தானாக ஓட ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. எங்கேயோ தண்ணீர் ஊறுகிறது என்று அர்த்தம். ஆறு மாதம் தூக்கமே இல்லை. அப்புறம் பழகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, துணியும் துவைத்து, மிச்சமும் வைப்பேன். வாடகை வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு தீவையே திட்டுகிற நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். வசதியுள்ளவர்கள் தெற்கே கிரனடா, டிரினிடாட் பக்கம் போய்விடுவார்கள். தெற்கு என்றால் பத்திரம் என்றும் நம்பிவிடாதீர்கள். 2004இல் 'ஐவன்' கிரனடாவையே புரட்டிப் போட்டது. 2024 ஜூலை 1 அன்று 'பெரில்' கிரனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவில் கரையேறியது. வேலையில் இருப்பவனால் படகை எடுத்துக்கொண்டு ஓடவும் முடியாது. அதனால் நாலு பக்கமும் கரை சூழ்ந்த சிம்சன் பே லகூன், அதாவது இங்குள்ள கடற்கழிதான் கதி. கடலிலிருந்து அதற்குள் வரும் வாய்க்காலின் மேல் தூக்குப் பாலம் உண்டு. சுற்றுத் தீவுகளிலிருந்தும் பாலம் திறக்கும் நேரம் பார்த்துப் படகுகள் உள்ளே வந்து அடையும். அங்கேதான் ஆபத்து. உங்கள் நங்கூரம் நன்றாகப் பிடித்திருக்கும். காற்று வரும் பக்கம் நிற்கும் படகின் சொந்தக்காரர் இற்றுப்போன ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு விமானம் ஏறியிருப்பார். அது அறுந்து உங்கள் படகின் மேல் வந்து விழும். இன்றைக்கும் அப்படிப்பட்ட ஆட்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. 1995 'லூயிஸ்' புயலில் இதே லகூன்தான் படகுகளுக்குச் சுடுகாடாகியது.

2017 செப்டம்பரில் 'இர்மா' வரும்போது மூன்று நாள் வேலை செய்தேன். பாய் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைத்தேன். பாய் சுருண்டிருந்தாலும் காற்று ஒரு நுனியைப் பிடித்தால் போதும், பிரித்துவிடும். மூன்று நங்கூரம். கயிறு உராயும் இடத்தில் பழைய தீயணைப்பு ஹோஸை வெட்டிச் சுற்றினேன். பெரும்பாலும் கயிறு இழுவையில் அறுவதில்லை, உராய்ந்துதான் அறும். பிறகு படகிலேயே இருந்து பார்த்துக்கொள்வதாக இருந்தேன். கூட வேலை பார்த்த கயானாக்காரர் ஒருவர் டிங்கி என்கிற சின்னப் படகில் வந்து, "உன் அம்மா நம்பரைக் கொடுத்துவிட்டு இரு, யாராவது சொல்ல வேண்டுமே" என்றார். பேசாமல் ஏறிவிட்டேன்.

6ஆம் தேதி காலை அவர் வீட்டுக் குளியலறையில் ஐந்து பேர். கதவுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்து நின்றோம். மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் காற்று. காது அடைத்தது, வாயெல்லாம் உப்பு. ஏழு மணி தாண்டி எல்லாம் சட்டென்று நின்றது. புயலின் கண். வெளியே ஓடிப் பார்த்தேன். என் படகு கட்டிய இடத்திலேயே நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று கத்தினேன். அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். வடக்கிலிருந்து அடித்த காற்று இப்போது தெற்கிலிருந்து திரும்பியது. ஒரு பக்கம் பிடித்திருந்த நங்கூரமெல்லாம் மறுபக்க இழுப்பில் பிடுங்கிக்கொள்வது அப்போதுதான்.

மதியம் வெளியே வந்தால் மலையில் ஒரு இலை இல்லை, தீ வைத்தது போல் பழுப்பாக நின்றது. லகூன் முழுக்க டீசல் வாடை, தண்ணீருக்கு மேல் வெறும் பாய்மரங்கள். மூன்று நாளில் 'ஹோசே' வேறு வருகிறது என்றார்கள். நல்லவேளை, வடக்கே விலகிப் போனது.

என் படகைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. யாருடைய கேட்டமரான் (இரட்டை உடல் படகு) மேலேயோ சாய்ந்து கிடந்தது, பாய்மரம் முறிந்து, பாதி வரை சேறு. மேல்பக்க அலமாரியில் அம்மா கொடுத்த குக்கர் சிக்கியிருந்தது. உள்ளே பையில் போட்டு வைத்திருந்த துவரம் பருப்பு நனையவே இல்லை. வெயிட் மட்டும் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி கயானாக்காரர் வீட்டு முற்றத்தில் விறகு மூட்டி, மூடியைத் திறந்து வைத்தே வேகவிட்டோம். பருப்பு மசிய ஒன்றரை மணி நேரம் ஆனது.