சூதாடாத குடும்பம் அட்லாண்டிக் சிட்டிக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். மே மாதக் கடைசியில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். கடற்கரைப் பக்கம் இரண்டு நாள் தங்கலாம் என்று தேடியதில், அட்லாண்டிக் சிட்டியில்தான் ஹோட்டல் வாடகை கையைக் கடிக்காமல் இருக்கிறது. ஆபீஸில் கேட்டால், "அது செத்துப்போன ஊர், கேசினோவைத் தவிர ஒன்றும் கிடையாது" என்கிறார்கள். நாங்கள் யாரும் சூதாடுவதில்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு கேசினோவை உள்ளே போய்ப் பார்க்க ஆசை. அவருக்கு முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுக்கு 12 வயது, 8 வயது. போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே விடுமுறை. அதை ஒட்டிய வார இறுதியில் வாடகை ஏறிவிடும். கடல் தண்ணீரோ அப்போதும் குளிர்ந்துதான் கிடக்கும், கால் நனைத்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்துவிடுவார்கள். பெற்றோர் வந்தால் எப்படியும் சில மாதங்கள் இருப்பார்கள், இல்லையா? ஜூன் கடைசியில் பள்ளி முடிந்ததும் ஒரு ஞாயிறு மதியம் கிளம்பி, செவ்வாய் காலை திரும்புங்கள். கேசினோ ஹோட்டலில் வெள்ளி, சனி இரவுகளுக்கு ஒரு விலை, ஞாயிறு முதல் வியாழன் வரை வேறு விலை. பல சமயம் சனி இரவு ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் தங்கிவிடலாம்.

இவ்வளவு மலிவு ஏன் என்று தெரிந்துகொண்டால் எங்கே தங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதும் தானாகப் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் பழங்கதை.

1854-ல் ரயில் வந்ததும் பிலடெல்பியாக்காரர்கள் காற்று வாங்க வந்த தீவு இது. வந்தவர்கள் ஹோட்டலுக்குள்ளும் ரயில் பெட்டிக்குள்ளும் மணலைச் சுமந்துவந்தார்கள். அந்தத் தொல்லை பொறுக்காமல் 1870-ல் கடலோரமாகப் பலகை அடித்து ஒரு நடைபாதை போட்டார்கள். அமெரிக்காவின் முதல் போர்டுவாக் அதுதான். அப்புறம் விமானப் பயணம் மலிந்தது, மக்கள் ஃபுளோரிடாவுக்குப் பறந்தார்கள், ஊர் காய்ந்துபோனது. கைதூக்கிவிடக் கேசினோ வந்தால் போதும் என்று 1976-ல் வாக்கெடுப்பு நடத்தி அனுமதித்தார்கள். 1978 மே மாதம் திறந்த ரிசார்ட்ஸ்தான் நெவாடாவுக்கு வெளியே அமெரிக்காவில் சட்டப்படி திறந்த முதல் கேசினோ. கிழக்குக் கரையில் போட்டியே இல்லாமல் பல வருடம் பணம் கொட்டியது. 2006-ல் கேசினோக்களின் வருமானம் 5.2 பில்லியன் டாலர். அதே வருடக் கடைசியில் பக்கத்து பென்சில்வேனியாவிலும் ஸ்லாட் மிஷின்கள், அதாவது பணம் போட்டுச் சுற்றிவிடும் சூதாட்ட இயந்திரங்கள், வந்தன. வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்போது இவ்வளவு தூரம் யார் வருவார்கள்? பத்தே வருடத்தில் வருமானம் பாதியானது. 2014-ல் மட்டும் நான்கு கேசினோக்கள் மூடின, சுமார் 8,000 பேருக்கு வேலை போனது. 2016-ல் ஊர் நிர்வாகத்தையே மாநில அரசு கையில் எடுத்துக்கொண்டது.

என் கணக்கில், இதைவிடப் பெரிய சேதம் கட்டடங்கள் செய்தது. வந்தவர் வெளியே போகவே கூடாது என்று திட்டமிட்டுக் கட்டியவை அவை. பார்க்கிங் மாடியில் காரை விட்டு, பாலம் வழியாக நேரே ஸ்லாட் மிஷின்களுக்கு நடுவே வந்து இறங்குவீர்கள். சன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. கடலை ஒட்டிக் கட்டிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாடும் கடையும் உள்ளேயே இருந்ததால் வெளித் தெருவில் வியாபாரம் செத்தது. போர்டுவாக்கிலிருந்து ஒரு பிளாக் உள்ளே பசிபிக் அவென்யூ போய்ப் பாருங்கள்: "தங்கம் வாங்கப்படும்" என்ற பலகை, அடகுக் கடை, அடுத்ததாக ஒரு காலி மனை. உங்கள் ஆபீஸ் நண்பர்கள் சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஊரைப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடலைப் பார்க்கும்படி கட்டிய ஒரு கேசினோவும் உண்டு. ரெவெல் என்று பெயர், 2.4 பில்லியன் டாலர் செலவு, 2012-ல் திறந்து 2014-ல் மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் 82 மில்லியனுக்குக் கைமாறியது. அந்தக் கண்ணாடிக் கோபுரம்தான் 2018 முதல் ஓஷன் என்ற பெயரில் நடக்கிறது. கடல் பார்த்த அறை வேண்டுமென்றால் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது.

தங்குமிடத்துக்கு ஒரே விதி: போர்டுவாக் மேலேயே தங்குங்கள். போர்காட்டா, ஹாராஸ், கோல்டன் நகட் மூன்றும் மரீனா என்ற படகுத்துறைப் பக்கம் இருக்கின்றன. நல்ல ஹோட்டல்கள்தான், ஆனால் அங்கிருந்து கடற்கரைக்கு நடந்து வர முடியாது. உங்கள் குடும்பத்துக்கு வடக்குப் பக்கம் தோதானது. ஓஷன், ஷோபோட், ஹார்ட் ராக், ரிசார்ட்ஸ் நான்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. இதில் ஷோபோட்டைத் தனியாகக் கவனியுங்கள். 2014-ல் மூடிய நான்கில் அதுவும் ஒன்று. இப்போது கேசினோ இல்லாத ஹோட்டலாக நடக்கிறது. 2023-ல் பக்கத்திலேயே கூரை போட்ட நீர் விளையாட்டுப் பூங்கா வந்தது. மழை பெய்தால் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் தேட வேண்டாம். சிகரெட் புகை வழியாக நடந்து லிஃப்டுக்குப் போக வேண்டிய தலைவலியும் இல்லை. மற்ற இடங்களில் அது உண்டு. நியூ ஜெர்சியின் புகைத்தடைச் சட்டத்தில் கேசினோ தளத்துக்கு விலக்கு இருக்கிறது. தளத்தில் கால்வாசி வரை புகைக்க இடம் ஒதுக்கலாம். ஊழியர்களே பல வருடமாக எதிர்த்துப் போராடுகிறார்கள். அம்மாவுக்கு இழுப்பு, ஒவ்வாமை ஏதாவது இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இணையதளத்தில் காட்டும் வாடகையை அப்படியே நம்ப வேண்டாம். ரிசார்ட் ஃபீ (ஹோட்டல் வசதிகளுக்கு என்று தனியாக வாங்கும் கட்டணம்), வரி, பார்க்கிங் மூன்றும் சேர்ந்த மொத்தத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். செக்-இன் செய்யும்போது உங்கள் கார்டில் ஒரு தொகையை முன்வைப்பாகப் பிடித்துவைப்பார்கள். திரும்பிவரச் சில நாள் ஆகும். டெபிட் கார்டைக் கொடுத்துவிட்டு நான் ஒருமுறை அவஸ்தைப்பட்டிருக்கிறேன். கிரெடிட் கார்டே கொடுங்கள்.

போன வருடம் மார்ச்சில் நானும் மனைவியும் போயிருந்தோம். ஞாயிறு காலை ஏழு மணி. ஹோட்டல் வழியாக வெளியே வரும்போது ஸ்லாட் மிஷின்கள் முன்னால் முந்தைய இரவின் சட்டையிலேயே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கதவைத் தள்ளினால் பனிமூட்டம், கடல் இரைச்சல், மீன்முள் போல் சாய்த்து அடித்த ஈரப் பலகை, கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. ஒருவர் மட்டும் சைக்கிளில் போனார். கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே ஊர் என்று நம்ப முடியவில்லை. உங்கள் பெற்றோரை அந்த நேரத்தில் வெளியே கூட்டிப்போங்கள். கோடையில் சைக்கிளுக்குக் காலை நேரம்தான் அனுமதி. பிள்ளைகளுக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுக்கலாம்.

அப்பாவின் முழங்காலுக்கு இந்த ஊர் உண்மையிலேயே நல்லது. போர்டுவாக் தட்டையானது, படி ஏறி இறங்கும் வேலை இல்லை, உட்காரப் பெஞ்சுகள் உண்டு. 1880-களிலிருந்து ஓடும் ரோலிங் சேர் வேறு இருக்கிறது. பிரம்பு நாற்காலிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். பின்னாலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். ஏறுவதற்கு முன் எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று பேசிவிடுங்கள், தள்ளுபவருக்கு டிப்பும் உண்டு. மனிதன் தள்ளும் வண்டியில் ஏற அப்பா கூச்சப்பட்டால் விட்டுவிடுங்கள். தெருப்பக்கம் ஜிட்னி என்ற சின்ன பஸ்கள் ஓடுகின்றன.

பிள்ளைகளுக்கு மோனோபலி, அதாவது தெருக்களை வாங்கி விற்கும் அட்டை விளையாட்டு, தெரியுமா? அமெரிக்க அட்டையில் இருக்கும் தெருப் பெயர்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஊருடையவை. கடலுக்கு இணையாக ஓடும் தெருக்களுக்குக் கடல்களின் பெயர்: பசிபிக், அட்லாண்டிக், பால்டிக், மெடிட்டரேனியன். குறுக்கே ஓடுபவற்றுக்கு மாநிலங்களின் பெயர். போர்டுவாக்கும் பார்க் பிளேஸும் சந்திக்கும் முனையில் நிறுத்தி ஒரு படம் எடுத்தால் பெரியவன் பள்ளியில் போய்ச் சொல்லிக்கொள்வான். ஹார்ட் ராக் எதிரே ஸ்டீல் பியர் இருக்கிறது: 1898-ல் முதலில் கட்டிய, கடலுக்குள் நீளும் பாலம், அதன்மேல் ராட்டினங்கள், 227 அடி உயர ராட்சதச் சக்கரம். மாலை வெயில் சாய்ந்த பிறகு போங்கள். அப்செகான் கலங்கரை விளக்கத்துக்கு 228 படி. அதை நீங்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பா கீழேயே இருக்கட்டும்.

கடற்கரைக்குக் கட்டணம் கிடையாது. நியூ ஜெர்சியில் இது அபூர்வம், பக்கத்து வென்ட்னரிலும் மார்கேட்டிலும் சீசனில் கட்டணம் கட்டி பேட்ஜ் வாங்க வேண்டும். உயிர்காப்பாளர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும் குளிக்க விடுங்கள், இழுப்பு பலமாக இருக்கும். கடற்காக்கைகள் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் திறந்த பொட்டலத்தோடு நடந்தால் பின்பக்கமிருந்து வந்து பிடுங்கும். என் பீட்சா அப்படித்தான் போனது.

சரித்திரத்தில் ஆர்வமுள்ளவர் என்றால் அப்பாவுக்கு போர்டுவாக் ஹாலைக் காட்டுங்கள். 1929-ல் திறந்த மண்டபம். 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடி லிண்டன் ஜான்சனை ஜனாதிபதி வேட்பாளராக்கியது அங்கேதான். அதே மாதக் கடைசியில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் வந்து பாடினார்கள். உள்ளே 33 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கன் வாத்தியம் இருக்கிறது, உலகிலேயே பெரியது. இன்னும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வாரநாள் மதியத்தில் இலவசமாக வாசித்துக்காட்டும் வழக்கம் உண்டு. ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கேசினோ. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தளத்தில் நிற்கக் கூடாது. வேறொரு பகுதிக்குப் போகும் வழியாகக் கடந்து போகலாம், நின்று வேடிக்கை பார்த்தால் உடனே காவலர் வந்துவிடுவார். ஆகவே நீங்களும் அப்பாவும் மட்டும் போங்கள். அவருடைய பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் இல்லை, ஆடியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆடுபவர்களையோ அவர்கள் சீட்டையோ படம் எடுக்க வேண்டாம்.

பார்த்தால் கை அரிக்கும், அது இயற்கை. 40 டாலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டுகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உள்ளே இருக்கும் ஏடிஎம்மின் கட்டணமே தண்டம்தான். "பென்னி" என்று எழுதியிருக்கும் ஸ்லாட் மிஷின் ஒரு சென்டில் சுற்றாது. ஒரு சுற்றுக்கு 50 சென்ட், அதற்கு மேலும் கேட்கும். போட்டதில் குறைந்தது 83 சதவீதத்தையாவது நீண்ட ஓட்டத்தில் திருப்பித் தரும்படி மிஷின் இருக்க வேண்டும் என்பது மாநில விதி. அது 90 சதவீதம் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு ஒரு டாலர், மணிக்கு 600 சுற்று என்றால் சராசரியாக ஒரு மணி நேரத்தில் 60 டாலர் காலி. கையால் அழுத்தினால் 600 சுற்று சர்வ சாதாரணமாக ஓடிவிடும்.

அப்பா ஆசைக்கு ரூலெட்டே பரவாயில்லை, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் அது. மெதுவாக ஓடும், வேடிக்கையும் உண்டு. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் கேசினோவின் லாபம் 5.26 சதவீதம். ஆனால் அட்லாண்டிக் சிட்டிக்கு ஒரு தனி விதி இருக்கிறது: சிவப்பு கறுப்பு, ஒற்றை இரட்டை போன்ற சமப் பந்தயங்களில் பூஜ்யம் விழுந்தால் பாதிப் பணம்தான் போகும். லாபம் 2.63 சதவீதமாக இறங்கிவிடும். அதற்கு மேல் எதையும் தொட வேண்டாம். மேஜையில் எழுதியிருக்கும் குறைந்தபட்சப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். காலையில் குறைவாக இருக்கும். இலவசமாக வரும் பானத்துக்கு ஒரு டாலர் டிப் கொடுங்கள்.

சாப்பாட்டைக் கேசினோவுக்குள் வைத்துக்கொண்டால் நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகளுக்குச் செலவு அறை வாடகையைத் தாண்டும். ஊருக்குள் வங்கதேசத்துக்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அரிசி, பருப்பு, நம் மசாலா வாசனை தேடினால் அட்லாண்டிக் அவென்யூ பக்கம் பகலில் போய் வாருங்கள். இரவில் அந்தப் பக்கம் நடக்க வேண்டாம், காரில் போங்கள். போர்டுவாக்கில் விற்கும் சால்ட் வாட்டர் டாஃபி மிட்டாயில் சில வகைகளில் முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. அம்மா சைவம் என்றால் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

திரும்பும் நாள் காலையில் தெற்கே மார்கேட் போய் லூசியைப் பார்த்துவிட்டு வரலாம். 1881-ல் மரத்தால் கட்டி, தகரம் போர்த்திய ஆறு மாடி உயர யானை. காலுக்குள் இருக்கும் சுழல் படி வழியாக வயிற்றுக்குள் ஏறலாம். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம், யானையைப் பார்ப்பதற்கு அதுதான் சரியான இடமும்கூட. இவ்வளவுக்குப் பிறகும் சூதாட்ட ஊரில் இரவு தங்க அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் தெற்கே ஓஷன் சிட்டி இருக்கிறது. மெதடிஸ்ட் பாதிரியார்கள் உருவாக்கிய ஊர். இன்றுவரை அங்கே மது விற்பதில்லை, கேசினோவும் இல்லை. போர்டுவாக் உண்டு. வாடகை மட்டும் கூடுதல்.