மூன்றாம் வகுப்பிலும் வாசிப்பும் கணக்கும் வரவில்லை: இணையத்தில் எதை எடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் தமிழ். மகளுக்கு எட்டு வயது, இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு, பள்ளியில் கன்னடமும் உண்டு. மூன்று மொழியிலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். கழித்தல் கணக்கு திரும்பத் திரும்பத் தவறுகிறது. எந்த ஆப், எந்தத் தளம் நல்லது?

பதில்:

எந்த ஆப் என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். மகள் இப்போது எந்தப் படியில் நிற்கிறாள் என்பதுதான் முதல் கேள்வி. மூன்றாம் வகுப்பு என்று பதிந்தால் எந்த ஆப்பும் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத்தான் நீட்டும். முதல் வகுப்புப் படியில் நிற்கும் பிள்ளைக்கு அது எட்டாது. பத்து நிமிடத்தில் ஊகித்துத் தட்டப் பழகிவிடும். 'கவனமில்லை, சோம்பல்' என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் பலர் இப்படிப் படி மாறி உட்கார்த்தி வைக்கப்பட்டவர்கள்.

படியைப் பார்க்க இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வின் சோதனைத் தாள்கள் அசர் சென்டர் தளத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் கிடைக்கின்றன. ஏ4 தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் காட்ட வேண்டாம். வாசிப்பில் முதலில் சின்னப் பத்தியைக் கொடுங்கள். வாக்கியம் வாக்கியமாக, மூன்று தவறுக்குள் வாசித்துவிட்டால் அடுத்தது இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. பத்தி வரவில்லையா, கீழே இறங்கிச் சொற்கள்: ஐந்தில் நான்கு சரியாக இருக்க வேண்டும். அதுவும் வரவில்லை என்றால் எழுத்துகள், ஐந்துக்கு நான்கு. கணக்கில் கடன் வாங்கும் இரண்டிலக்கக் கழித்தலில் தொடங்குங்கள். இரண்டு கணக்கும் சரியானால் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. தவறினால் 11 முதல் 99 வரை எண்களைச் சொல்ல வைப்பது, பிறகு 1 முதல் 9. மூன்று மொழியையும் ஒரே நாளில் சோதிக்காதீர்கள், நாளுக்கு ஒன்று போதும். நடுவில் திருத்தவும் வேண்டாம். அவள் சொன்ன தவறை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இனிமேல் செய்யும் எல்லாவற்றுக்கும் அந்த நோட்டுதான் ஆதாரம்.

தவறுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தமிழில் ஒரே 'ப'தான், 'பல்'லிலும் அதுதான், 'அம்பு'விலும் அதுதான். கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து, ஆங்கிலத்தில் இரண்டு. தமிழ் வீட்டுப் பிள்ளை டிக்டேஷனில் big (பெரியது) என்று சொன்னதற்கு pig (பன்றி) என்று எழுதினால் அது குறைபாடு அல்ல, மொழி மாறும்போது வரும் சாதாரண வழுக்கல். அந்த இரண்டு ஒலியையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். ஒன்றில் அதிர்வு உதடு திறக்கும்போதே வரும், மற்றதில் சற்றுத் தாமதமாக வரும். தமிழிலேயே வரும் தவறு வேறு வகை. அதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு 'கொடி'. திணறும் பிள்ளை பெரும்பாலும் இதைக் 'கெரடி' என்று வாசிக்கும். காரணம் கண்ணெதிரே இருக்கிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, அந்தக் கால் 'ர' போலவே தெரிகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்பது பிள்ளைக்குப் பிடிபடவில்லை. பத்து அட்டைகளில் கொ, மொ, தொ, பொ என்று எழுதி, கொம்பையும் காலையும் ஒரே சிவப்பு மையில், நடு எழுத்தைக் கறுப்பில் போடுங்கள். 'சிவப்பு இரண்டும் சேர்ந்தால் ஒ' என்று சொல்லி நாளுக்கு இரண்டு நிமிடம். பிறகு கெ–கொ, கே–கோ என்று ஜோடி ஜோடியாகக் கலந்து காட்டுங்கள். 247 எழுத்தையும் ஒப்பிக்க வைப்பதைவிட, நோட்டில் விழுந்த ஆறேழு குறிகளை மட்டும் இப்படிப் பிடிப்பது வேகமாகப் பலன் தரும்.

ஆங்கிலத்துக்கும் தமிழ் உதவும். எழுத்துகளின் ஒலியைச் சொல்லிக்கொடுக்கும் ஃபோனிக்ஸ் வீடியோக்களில் மெய்யெழுத்தின் ஒலியை 'ப', 'ம' என்று உயிர் ஒட்டிச் சொல்லிவிட்டால் பிள்ளை ஒலிகளைச் சேர்க்கும்போது 'ப-எ-ன' என்று தடுமாறும். நமக்குப் புள்ளி இருக்கிறது. 'ப்–எ–ன், பென்', 'ட்–இ–ப், டிப்', 'ந்–எ–ட், நெட்' என்று புள்ளி வைத்த ஒலியாகவே சொல்லிக்கொடுங்கள். எட்டு வயதுத் தமிழ்ப் பிள்ளைக்கு இது உடனே புரியும்.

இனித் தளங்கள். வாசிப்புக்கு முதல் இடம் ஸ்டோரிவீவருக்கு. இந்தக் கதைத் தளத்தைப் பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கியது. முழுக்க இலவசம், பிடிஎஃப் இறக்கி அச்செடுக்கலாம். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நிலை 1 என்றாலே மிக எளிது என்று நம்பிவிடாதீர்கள், அதில் 250 சொல்வரை வரும். பக்கத்துக்கு ஒரு வரி இருப்பதாகப் பார்த்து எடுங்கள். உங்கள் வீட்டுக்கு இதில் பெரிய வசதி, பல கதைகள் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் கிடைப்பது. திங்கள் செவ்வாய் தமிழில் வாசித்த கதையையே புதன் வியாழன் ஆங்கிலத்தில் கொடுங்கள். கதை தெரிந்திருப்பதால் மூளையின் முழு பலமும் எழுத்தை உடைப்பதற்குப் போகும். கன்னடத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், விட்டுவிட முடியாது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயம்.

கூகுளின் ரீட் அலாங், பிள்ளை சத்தமாக வாசிப்பதைக் கேட்டு, தடுக்கிய சொல்லைச் சொல்லிக்கொடுக்கும். இந்தியாவில் 2019ல் போலோ என்ற பெயரில் வந்தது, தமிழும் உண்டு. மின்விசிறி, டிவி சத்தத்தில் குழம்பும். நெருங்கிய உச்சரிப்பைச் சரி என்று விட்டுவிடவும் செய்யும். அதனால் அது கொடுக்கும் நட்சத்திரத்தை அளவாக எடுக்காதீர்கள். ஆங்கில ஒலிகளுக்கு டீச் யுவர் மான்ஸ்டர் டு ரீட் நன்றாக வரிசைப்படுத்தப்பட்ட விளையாட்டு, கணினி பிரவுசரில் இலவசம். கான் அகாடமி கிட்ஸ் இரண்டு முதல் எட்டு வயதுக்கானது, விளம்பரம் இல்லை, ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'இது பாப்பா விளையாட்டு' என்று தள்ளிவிடலாம். பள்ளிப் பாடத்தைப் படித்தே ஆக வேண்டிய நாட்களில் மைக்ரோசாஃப்ட் எட்ஜில் உள்ள இம்மர்சிவ் ரீடரைத் திறந்து, ஒரு வரி மட்டும் தெரியும்படி வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, குரலோடு சேர்த்து வாசிக்க விடுங்கள். டிஸ்லெக்சியாவுக்கென்றே (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) விற்கப்படும் எழுத்துருக்கள், வண்ணக் கண்ணாடித் தாள்கள் இவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வாசிப்பை மேம்படுத்துகின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

வாசிப்புப் பயிற்சி பத்து நிமிடம் போதும், ஆனால் வாரத்தில் ஐந்து நாள். இரண்டு நிமிடம் எழுத்து அட்டை. பிறகு ஒரே பத்தியை மூன்று முறை: முதல் முறை நீங்கள் விரல் வைத்து வாசிக்க அவள் பார்ப்பது, இரண்டாவது இருவரும் சேர்ந்து, மூன்றாவது அவள் தனியாக. நூறு சொல்லில் ஐந்து தவறுக்குள் என்றால் கதை சரியான நிலை. பத்தைத் தாண்டினால் அந்தக் கதையை மூடிவைத்து எளிதானதை எடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு நிமிடம் அளந்து, சரியாக வாசித்த சொற்களைக் குறியுங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் கிடைக்கும் ஆங்கில அட்டவணையைத் தமிழுக்குப் போடாதீர்கள். 'வந்துகொண்டிருந்தார்கள்' நமக்கு ஒரே சொல். போன வாரத்து எண்ணோடு இந்த வாரத்து எண்ணை ஒப்பிட்டால் போதும்.

கணக்குக்கு வருவோம். கழித்தல் தவறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தவறுகிறது என்று பாருங்கள். 52–27க்கு 35 என்றும், 60–24க்கு 44 என்றும் விடை வந்தால் அது கவனக்குறைவு அல்ல. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறாள்: 7லிருந்து 2, 4லிருந்து 0. அவளிடம் ஒரு விதி இருக்கிறது, அது தவறான விதி. இதே வகைக் கணக்கை ஆப்பில் நூறு போட்டாலும் அந்தத் தவறான விதிதான் உறுதிப்படும்.

ஐஸ்கிரீம் குச்சி நூறு, ரப்பர் பேண்ட் பத்து வாங்குங்கள். பத்துப் பத்தாக அவளே கட்டட்டும். 52 என்பது ஐந்து கட்டு, இரண்டு குச்சி. 'ஏழு குச்சி கொடு' என்று கேளுங்கள். கையில் இருப்பது இரண்டு. கட்டைப் பிரித்தாக வேண்டும் என்பதை அவள் வாயால் சொல்லும்வரை காத்திருங்கள். ரப்பர் பேண்டைக் கழற்றிய பிறகு நான்கு கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழு கொடுத்தால் ஐந்து, இரண்டு கட்டு கொடுத்தால் இரண்டு, விடை 25. ஒரு வாரம் குச்சியோடு மட்டும். அடுத்த வாரம் மேத் லேர்னிங் சென்டரின் நம்பர் பீசஸ் என்ற இலவச ஆப்பில் அதே வேலை: பத்துத் துண்டைத் திரையில் ஒன்றுகளாக உடைக்கலாம், பெயர் பதியாமலேயே பிரவுசரில் திறக்கும். மூன்றாவது வாரம்தான் நோட்டில் எழுதுவது, அப்போதும் ஒவ்வொரு அடிக்கும் 'இப்போது குச்சியில் என்ன நடந்தது?' என்று கேட்டுக்கொண்டே.

எண்ணைக் கேட்டு எழுதுவதில் 14க்கு 41 எழுதுகிறாளா என்றும் பாருங்கள். 'ஃபோர்ட்டீன்' என்பதில் நான்கு முதலில் ஒலிக்கிறது, காதில் விழுந்த வரிசையில் எழுதிவிடுகிறாள். 'பதினான்கு' என்றால் பத்து முதலில், நான்கு பின்னால், எழுதும் வரிசையிலேயே வருகிறது. கன்னடத்து 'ஹதினால்கு'ம் அப்படியே. அதனால் இடமதிப்பை இரண்டு வாரம் தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆங்கிலப் பெயருக்குப் போங்கள். தமிழிலும் ஒரு பள்ளம் உண்டு: தொண்ணூறு. அதில் 'நூறு' ஒலிப்பதால் சில பிள்ளைகள் மூன்று இலக்கமாக எழுதிவிடுவார்கள். 89, 90, 91 என்ற இடத்தைத் தனியாகக் குச்சிக் கட்டோடு காட்டிவிடுங்கள்.

பயிற்சிக்குப் பெங்களூரின் அக்ஷரா ஃபவுண்டேஷன் தரும் பில்டிங் பிளாக்ஸ் ஆப் இலவசம், சாதாரண ஃபோனிலும் ஓடும், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளலாம். கான் அகாடமியில் பெயர் பதிந்தால் மூன்றாம் வகுப்பைத் தொடாமல் முதல் வகுப்பின் கோர்ஸ் சேலஞ்சை, அதாவது முழுப் பாடத்துக்குமான சோதனையைக் கொடுங்கள். 30 கேள்வி, அதை இரண்டு மூன்று உட்காரலில் முடிக்கட்டும். எந்த அலகு விழுகிறதோ அங்கிருந்து தொடங்குவது. வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கேள்வியை நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் தவறும். வாசிப்புக்கு இரண்டு, கணக்குக்கு ஒன்று என்று மூன்று ஆப்புக்கு மேல் ஃபோனில் வேண்டாம்.

காசு கேட்கும் பயிற்சித் தொகுப்புகளில் இறங்குமுன் ஒன்று. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் எட்டெக் (இணையவழிக் கல்வி) நிறுவனங்கள் பற்றிப் பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டது: தானாகப் பணம் பிடிக்கும் வசதிக்குச் சம்மதிக்காதீர்கள், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கவனியுங்கள் என்று. 'இலவச டெமோ'வின் முடிவில் 'பிள்ளை மிகவும் பின்தங்கியிருக்கிறது' என்று பயமுறுத்தி அன்றைக்கே இஎம்ஐ போடச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். மேலே சொன்ன ஆப், தளம் எதற்கும் காசு தேவையில்லை. நீங்கள் பக்கத்தில் உட்காரும் இருபது நிமிடம்தான் தேவை. பிள்ளையைத் தனியாக ஃபோனோடு விட்டால் இவற்றில் எதுவும் வேலை செய்யாது.

கண், காது பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் தமிழில்கூட ஒரு படி ஏறவில்லை, நேற்று வாசித்த சொல்லே இன்று புதிதாகத் தெரிகிறது என்றால் முறையான மதிப்பீடு வேண்டும். எழுத்தைத் திருப்பி எழுதுவது மட்டும் டிஸ்லெக்சியாவுக்குச் சான்று ஆகாது. டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் எட்டு வயது நிறைந்த பிறகுதான் தருவார்கள், உங்கள் மகளுக்கு அந்த வயது ஆகிவிட்டது. பெங்களூரில் ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. அறிவுத்திறன் சோதனையும் சேர்த்தே செய்வார்கள். ஒரே வருகையில் முடியாது. தமிழ்தான் வீட்டு மொழி என்பதைப் பதிவின்போதே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் மொழிப் பழக்கக் குறைவும் குறைபாடும் கலந்துவிடும். டிஸ்லெக்சியாவைக் கண்டறியத் தேசிய மூளை ஆய்வு மையம் உருவாக்கிய டாலி என்ற சோதனை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, அது பற்றியும் கேளுங்கள்.

போகும்போது இரண்டு வருடப் பள்ளி நோட்டுகள், மதிப்பெண் அட்டை, கண்–காது அறிக்கை, நீங்கள் தவறுகளைக் குறித்த அந்த நோட்டு, வெள்ளிக்கிழமை எண்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பன்னிரண்டு வாரம் என்ன சொல்லிக்கொடுத்தும் எது நகரவில்லை என்பது மருத்துவருக்கு மிகவும் பயன்படும். சான்றிதழ் கிடைத்தால் பின்னால் பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். பள்ளிக்கு அறிக்கையின் நகலை மட்டும் கொடுங்கள், கூடவே என்ன உதவி வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.