பெட்டியில் 2000 வாட்ஸ், ஃபியூஸில் 30 ஆம்பியர்

கேள்வி: காருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனேன். ஒன்றின் அட்டைப்பெட்டியில் ‘2000 வாட்ஸ்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. விலை கூடுதலான இன்னொன்றில் ‘300 வாட்ஸ் ஆர்எம்எஸ்’ என்றுதான் இருக்கிறது. முதலாவதை வாங்குவதுதானே லாபம்?

பதில்: பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். பச்சை நிறத்தில், முதுகில் 30 என்ற எண்ணோடு ஒன்றே ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். முப்பதைப் பதினான்கால் பெருக்கினால் 420. தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே 420 வாட்ஸ். அதில் ஒரு பகுதி வெப்பமாகவும் போய்விடும். ‘கிளாஸ் டி’ வகையில் சுமார் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும். ‘கிளாஸ் ஏபி’ என்றால் பாதிக்குச் சற்று மேல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 2000 என்பது பெட்டி அச்சடித்தவரின் உற்சாகம். ஆர்எம்எஸ் எண்ணை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸை, மட்டும் பாருங்கள்; உங்கள் ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் எண்ணோடு அது ஒத்துப்போனால் போதும்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரை டிக்கியில் பொருத்திய நாளிலிருந்து ஸ்பீக்கரில் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. ஆம்ப்ளிஃபயரையே மாற்றச் சொல்கிறார் பொருத்தியவர்.

பதில்: மாற்றாதீர்கள். எஞ்சினோடு ஏறி இறங்கும் சத்தம் ஆல்டர்நேட்டருடையது, அதாவது எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவியுடையது. அது எந்த வழியாக நுழைகிறது என்பதுதான் கேள்வி. வண்டியை அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்சிஏ வயர்களை (ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவருபவை) உருவுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி.

அடுத்து, ஆம்ப்ளிஃபயரை வண்டியின் தகட்டோடு இணைக்கும் எர்த் வயர். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருக்கும். எனக்கும் இதே தொல்லை வந்தது. போல்ட் இறுக்கமாக இருந்தது, வாஷர் பளபளத்தது. கழற்றினால் அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது! பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. உப்புத்தாளால் ஒரு நாணய அளவுக்கு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, வளைய முனையை வைத்து முறுக்கி, மேலே துருப்பிடிக்காதிருக்க கிரீஸ் தடவினேன். சத்தம் போயே போய்விட்டது. எர்த் வயர் 45 சென்டிமீட்டருக்குள், பவர் வயரின் அதே தடிமனில் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட். புதிதாகத் துளையிடுவதானால், அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

சரிபார்க்க மல்டிமீட்டர் போதும். பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் நிம்மதி. அரை வோல்ட்டை நெருங்கினால் இணைப்பில் கோளாறு. அதுவும் சரியாக இருந்தால், பவர் வயரும் ஆர்சிஏ வயரும் ஒட்டி உரசிக்கொண்டு வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று வலப்புறம் வந்தால் மற்றது இடப்புறம் வரவேண்டும்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரிலேயே ஃபியூஸ் இருக்கும்போது பேட்டரி பக்கத்திலும் ஒன்று எதற்கு?

பதில்: அது வயருக்காக. பேட்டரியிலிருந்து டிக்கிவரை ஓடும் பவர் வயர் வழியில் எங்காவது தகட்டில் உரசிக் கிழிந்தால், கடைசி முனையில் இருக்கும் ஃபியூஸுக்குத் தகவலே போகாது, வயர் தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். எஞ்சின் அறையிலிருந்து வயர் உள்ளே நுழையும் துளையில் ரப்பர் வளையமும் கட்டாயம். வயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது மலிவு; ஆனால் அதே தடிமனில் குறைவான மின்சாரத்தையே தாங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஸ்க்ரூக்களையும் ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள். வண்டி ஆடும் ஆட்டத்தில் அவை தாமாகவே தளரும்.