ஜூஸ் கடையில் குளவிக் கூடு

கேள்வி: வேளச்சேரியில் கீழே ஜூஸ் கடை, மேலே வீடு. ஏசி அவுட்டோர் யூனிட் மேல் மண் கூடு. கடை சன்ஷேடுக்கு அடியில் காகிதம் மாதிரி இன்னொன்று. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம் சார்! பக்கத்தில் ஏசி வயர் ஓடுகிறதே. மண் கூடு, தனியாக வாழும் வேட்டைக் குளவியுடையது. புழுவையோ சிலந்தியையோ மயக்கிக் கொண்டுவந்து தன் குஞ்சுக்கு இரையாக உள்ளே அடைக்கும், ஆளைத் துரத்தாது. (வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பாட்டிமார் அதைக் கலைக்க விடமாட்டார்கள். அது உங்கள் இஷ்டம்.) ஏசி தண்ணீர்க் குழாயை அடைத்தால் மட்டும் சுரண்டிவிடுங்கள்.

கவலை காகிதக் கூடுதான். அவை கூட்டுக்குடும்பம்; தேனீ போலக் கொடுக்கை விட்டுவிட்டுச் சாகாது, ஒன்றே பல தடவை கொட்டும். ஏணி போட்டுத் துடைப்பத்தால் தட்டாதீர்கள். பூச்சி மருந்து அடிப்பவரை இருட்டிய பிறகு வரச்சொல்லுங்கள். அப்போதுதான் எல்லாம் கூட்டில் அடங்கியிருக்கும். பழத்தோல், கரும்புச் சக்கைத் தொட்டிக்கு இன்றே மூடி வாங்குங்கள், இனிப்புதான் அவற்றைக் கடைக்கு இழுக்கிறது.

பானை அளவில் மூடிய கூடாக இருந்தால் அது கதண்டு என்கிற பெரிய விஷக் குளவி. கிட்டே போகாமல் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள். கொட்டியபின் முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ, சுண்ணாம்பு தேடாமல் உடனே 108.